தள்ளினால் மட்டும் விழ மாட்டார்கள்: ஓபன் கார்ட் ஸ்வீப் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பிரேசிலிய ஜியு ஜிட்சுவின் க்ளோஸ்டு கார்ட் பற்றி எழுதியிருந்தேன், அதாவது மல்லாந்து படுத்து எதிராளியின் இடுப்பைச் சுற்றி இரண்டு கால்களையும் பூட்டிக்கொண்டு ஆடுவது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: பூட்டைத் திறந்த பிறகு என்ன செய்வது? ஆகவே இந்த முறை முழுக்க ஓபன் கார்ட், அதிலும் ஸ்வீப். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: கால்களைப் பூட்டாமல், எதிராளிக்கும் நமக்கும் நடுவில் வைத்து ஆடுவது ஓபன் கார்ட்; கீழே இருப்பவர் கால்களாலும் கைகளாலும் மேலே இருப்பவரைக் கவிழ்த்துவிட்டுத் தான் மேலே வருவதுதான் ஸ்வீப்.

கேள்வி: மாஸ்டர், எட்டு மாதமாக ஜியு ஜிட்சு பழகுகிறேன். வெள்ளை பெல்ட், இரண்டு ஸ்ட்ரைப். கீழே படுத்து எதிராளியின் இடுப்பில் இரண்டு பாதங்களையும் வைத்துத் தள்ளுகிறேன். அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டுத் திரும்ப வருகிறார். மறுபடி தள்ளுகிறேன், மறுபடி வருகிறார். முழங்காலில் தள்ளிப் பார்த்தேன், தோளில் தள்ளிப் பார்த்தேன். கடைசியில் என் கால்தான் களைத்துப்போகிறது, அவர் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் வந்து அமுக்கிவிடுகிறார். வீடியோவில் எல்லோரும் பொத்தென்று விழுகிறார்களே, எனக்கு மட்டும் ஏன் ஒருத்தர்கூட விழவில்லை?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தள்ளுவது நாலு இடத்தில் வருகிறது. பிடிப்பது ஒரு இடத்தில்கூட இல்லை. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ஒருவரைத் தள்ளினால் அவர் விழ மாட்டார், காலை எடுத்துப் பின்னால் வைப்பார். பஸ் சடாரென்று பிரேக் போடும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரு கால் முன்னால் போகிறது, கை கம்பியைத் தேடுகிறது. யாரும் சொல்லித்தர வேண்டாம், உடம்பு தானாகவே செய்கிறது. அந்தக் காலையும் கையையும் யாராவது பிடித்து வைத்திருந்தால்தான் விழுவோம். ஓபன் கார்டில் இருக்கிற ஸ்வீப்புகளுக்கு ஐம்பது பெயர் இருக்கலாம், ஆனால் வேலை ஒன்றுதான்: எந்தப் பக்கம் அவரை விழ வைக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கம் ஊன்றிக்கொள்ள அவரிடம் இருக்கிற காலையோ கையையோ முதலில் பறித்துவிட வேண்டும். தள்ளுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தம்பியையோ நண்பரையோ தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து நிற்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று அவர் தோளைத் தள்ளினால் நன்றாகத் தாங்குவார். நேர் முன்னால் நின்று நெஞ்சில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினால் உடனே ஒரு கால் பின்னால் போய்விடும். இரண்டு பாதங்களுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டால், அந்தக் கோட்டின் திசையில் மனிதன் பலசாலி, அதற்குக் குறுக்கே பலவீனமானவன். முக்காலிக்கு மூன்றாவது கால் எங்கே இல்லையோ அங்கேதான் அது சாயும், அதே கதைதான். அப்புறம் அவரை ஒரு காலை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். கோடு திரும்பிவிட்டது, ஆகவே பலவீனமான திசையும் திரும்பிவிட்டது. இதைப் பார்க்கப் பழகிவிட்டால் கீழே படுத்திருக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டீர்கள், பாதங்களைப் பார்ப்பீர்கள். ஜூடோக்காரர்கள் இப்படி ஆளின் சமநிலையைக் குலைப்பதற்கு குசுஷி என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். முதலில் குசுஷி, பிறகு தோதான இடத்துக்குள் நுழைவது, கடைசியில்தான் எறிவது என்று வரிசையாகச் சொல்லித்தருவார்கள். ஜியு ஜிட்சு அங்கிருந்து வந்ததுதான், படுத்துக்கொண்டு செய்தாலும் அந்த வரிசை மாறாது.

சரி, இதை வைத்து ஒரே ஒரு ஸ்வீப்பை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஏற்கனவே பாதி அதில்தான் இருக்கிறீர்கள். ட்ரைபாட் ஸ்வீப். எதிராளி நிற்கிறார், நீங்கள் கீழே. உங்கள் வலது கை அவருடைய இடது சட்டைக் கையின் முனையைப் பிடித்திருக்கட்டும். இடது கை அவருடைய வலது குதிகாலைப் பின்பக்கமாக, கிண்ணத்தைத் தாங்குகிற மாதிரி பிடிக்கட்டும். பேன்ட் துணியைப் பிடிப்பதைவிடக் குதிகாலைப் பிடிப்பது நல்லது, விரலும் பிழைக்கும். இடது பாதம் அவருடைய வலது இடுப்பு எலும்பின் மேல். வலது பாதத்தை அவருடைய இடது கணுக்காலுக்குப் பின்னால், தரையை ஒட்டி, கொக்கி மாதிரி போடுங்கள். இப்போது எண்ணிப் பாருங்கள்: அவருடைய இரண்டு குதிகால்களும் உங்களிடம் இருக்கின்றன, ஒன்று கையில், ஒன்று காலில். இனி இடுப்பில் இருக்கிற பாதத்தை நீட்டினால் அவர் பின்னால் போயே ஆக வேண்டும், ஆனால் பின்னால் வைக்கக் கால் இல்லை. உட்கார்ந்துவிடுவார். இடுப்பைத் தள்ளுவதும் குதிகால்களை இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். முதலில் தள்ளிவிட்டு அப்புறம் இழுத்தால் அவர் அதற்குள் காலை எடுத்துவிடுவார்.

நாலைந்து முறை விழுந்த பிறகு உங்கள் கூட்டாளி விஷயத்தைப் புரிந்துகொண்டு, கொக்கி போட்ட இடது காலைப் பின்னால் எடுத்துவிடுவார். எடுக்கட்டும், நல்லதுதான். அவருடைய எடை இப்போது நீங்கள் கையில் பிடித்திருக்கிற வலது காலுக்கு வந்துவிட்டது. உங்கள் கால்களை இடம் மாற்றுங்கள்: கொக்கியாக இருந்த வலது பாதம் மேலே ஏறி அவருடைய இடது இடுப்புக்குப் போகட்டும், இடுப்பில் இருந்த இடது கால் தரைக்கு இறங்கி, பிடித்திருக்கிற அந்தக் கணுக்காலின் பின்புறத்தைக் கதிர் அறுக்கிற மாதிரி தரையோடு தரையாக வாரட்டும். இதற்கு ஆங்கிலத்தில் அரிவாள் என்றே பெயர், சிக்கிள் ஸ்வீப். முதலாவதுக்குப் பயந்தால் இரண்டாவதில் விழுவார், இரண்டாவதுக்குப் பயந்து காலைத் திரும்பக் கொண்டுவந்தால் முதலாவது தயாராக இருக்கும். ஒரு ஸ்வீப்பை மட்டும் தெரிந்துகொள்வதற்கும் இரண்டை ஜோடியாகத் தெரிந்துகொள்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நீங்களே ஒரு மாதத்தில் உணர்வீர்கள்.

இன்னும் ஒன்று. அவர் விழுந்ததும் பெரும்பாலானவர்கள் சந்தோஷத்தில் கையை விட்டுவிட்டு அப்படியே படுத்திருக்கிறார்கள். குதிகாலையும் சட்டைக் கையையும் விடாதீர்கள். பின்னால் விழுகிற அவருடைய எடையே அந்தச் சட்டைக் கை வழியாக உங்களைத் தூக்கி உட்காரவைத்துவிடும், குதிகால் உங்கள் கையில் இருக்கிறவரை அவரால் எழுந்திருக்கவும் முடியாது. ஸ்வீப்பில் பாதிதான் அவர் விழுவது. மீதிப் பாதி நீங்கள் எழுவது.

கேள்வி: ஸ்வீப் என்றால் பெருக்குவதுதானே? பிரேசிலிலும் இப்படித்தான் சொல்கிறார்களா? தமிழில் என்ன சொல்லலாம்?
வாசகர், திருச்சி

பதில்: பிரேசிலில் பேசுவது போர்ச்சுகீசு மொழி. அங்கே இதற்கு ஹஸ்பாஜெம் என்று பெயர், சுரண்டுவது, வழிப்பது என்ற பொருளில் வருகிற சொல். ஓபன் கார்டை குவார்தா அபேர்த்தா என்பார்கள், திறந்த காவல். தமிழில் கவிழ்ப்பு என்று சொல்லலாம், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பயிற்சி விரிப்பில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லோரும் ஸ்வீப் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, என் எடை 56 கிலோ. எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர், அதனால் பெரும்பாலும் 80, 90 கிலோ ஆண்களோடுதான் ஸ்பாரிங் (பயிற்சி மோதல்). டெக்னிக் இருந்தால் எடை முக்கியமில்லை என்கிறார்கள். என்னால் ஒருவரைக்கூட அசைக்க முடியவில்லை. நான் தப்பாகச் செய்கிறேனா, அல்லது அவர்கள் சொல்வது தப்பா?
வாசகி, மதுரை

பதில்: எடை முக்கியம்தான் தங்கச்சி. முக்கியமில்லை என்றால் சர்வதேசப் போட்டிகளில் ஆண்களுக்கு மட்டும் ஒன்பது எடைப் பிரிவுகள் வைத்திருக்க மாட்டார்கள். எடையே முக்கியமில்லை என்று சொல்லிச் சொல்லியே பல பெண்களை இந்த விளையாட்டில் இருந்து விரட்டிவிட்டோம் என்பது என் எண்ணம். நாலு மாதம் முயன்றும் முடியவில்லை என்றதும் தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் 90 கிலோவைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டினால் போதும். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். வாசலில் இருந்து அடுப்படிவரை அதை அவர் தூக்கிக்கொண்டு போவதில்லை. கொஞ்சம் சாய்த்து அடி விளிம்பில் நிற்கவைத்து, ஒரே கையால் உருட்டிக்கொண்டு போகிறார். சாய்ந்த பிறகு எடையைத் தாங்குவது தரை, அவர் கை திசையை மட்டும் சொல்கிறது. பட்டர்ஃபிளை ஸ்வீப்பும் இதேதான், உங்கள் எடைக்கு நான் முதலில் சொல்லுவது அதைத்தான்.

மல்லாந்து படுக்காமல் உட்காருங்கள். அவர் முழங்காலிட்டு நெருங்கி வரும்போது உங்கள் இரண்டு பாதங்களையும் அவர் தொடைகளின் உள்பக்கம் கொக்கியாகப் போட்டு, வலது கையை அவருடைய இடது அக்குளுக்குள் நுழைத்து முதுகைப் பிடியுங்கள். இடது கையால் அவருடைய வலது கையை, முழங்கைக்கு மேல், இறுக்கிக் கட்டுங்கள். தலை அவருடைய தாடைக்குக் கீழே, நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும். இப்போது இடது பக்கம் விழ வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் ஊன்ற அவருக்குக் கை இல்லை, அது உங்களிடம் இருக்கிறது. நேர் பின்னால் விழுந்துவிடாதீர்கள். அப்படி விழுந்தால் 90 கிலோவும் உங்கள் நெஞ்சின் மேல்தான் வரும், எல்லோரும் செய்கிற தவறு இது. பக்கவாட்டில், இடது தோளின் மேல் விழுங்கள். விழுகிறபோதே வலது கொக்கி அவருடைய இடது தொடையை மேலே தள்ள, மடித்து வைத்திருக்கிற இடது கால் தரையை உதைக்க, ஒன்றாக உருண்டு மேலே வருவீர்கள். ஜூடோவில் சுமி கயேஷி என்று ஒரு எறிதல் உண்டு, அதற்கும் இதற்கும் ஒரே ரத்தம்.

இதில் உங்கள் உயரமும் எடையும் சாதகம் என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன உடம்புக்காரர்கள் எதிராளியின் எடையின் அடியில் சுலபமாக நுழைவார்கள். பிரேசிலின் மார்செலோ கார்சியா இதற்கு நல்ல உதாரணம். 77 கிலோ பிரிவில் ஏடிசிசி என்கிற பெரிய போட்டியை 2003, 2005, 2007, 2011 என்று நாலு முறை வென்றவர், அதோடு எடை வரம்பே இல்லாத பிரிவிலும் தன்னைவிட மிகப் பெரியவர்களோடு விரும்பி மோதியவர். பட்டர்ஃபிளையில் உட்கார்ந்திருப்பார், பெரிய ஆள் பயந்து எழுந்து நின்றால் அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் நுழைந்து, ஒரு காலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தன் பாதங்களை எக்ஸ் மாதிரி குறுக்காக மற்றத் தொடையில் போட்டுவிடுவார். அந்த எக்ஸ்-கார்டை உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர்தான். கிடைத்தால் அவருடைய பழைய ஆட்டங்களைப் பாருங்கள், கால்களின் பலத்தைப் பார்க்காமல் அவருடைய தலையும் தோளும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

அப்புறம் உங்கள் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: வாரத்தில் ஒரு நாளாவது உங்களோடு ஆடும் பெரியவர்கள் எடையைப் போடாமல், வேகத்தை மட்டும் வைத்து ஆட வேண்டும் என்று. இது சலுகை இல்லை. ஒரு டெக்னிக்கை முதல் ஐம்பது தடவை வெற்றிகரமாகச் செய்து பார்க்காமல் யாருக்கும் அது கைவராது.

கேள்வி: அபுதாபியில் இருக்கிறோம். மகனுக்குப் பதினொரு வயது, பள்ளியிலேயே ஜியு ஜிட்சு ஒரு பாடம். போட்டி தொடங்கியதும் அவனாகவே எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிடுகிறான். ஊரில் இருக்கிற என் அப்பா குஸ்தி பார்த்து வளர்ந்தவர். வீடியோ காலில் பேரனைப் பார்த்துவிட்டு, "முதுகு மண்ணில் பட்டால் தோற்றதுதானேம்மா" என்று வருத்தப்பட்டார். அவருக்கு என்ன சொல்வது?
ஒரு தாய்

பதில்: அப்பா சொல்வது அவர் பார்த்த விளையாட்டுக்குச் சரிதான் அம்மா, அவரைத் திருத்த வேண்டாம். குஸ்தியில் இரண்டு தோளும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஜூடோவில் வேகமாக, கட்டுப்பாட்டோடு முதுகு பட எறிந்தாலே முழு வெற்றி. ஜியு ஜிட்சுவில் அப்படி இல்லை. கழுத்தை நெரித்தோ மூட்டைப் பூட்டியோ எதிராளியைத் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டவைத்தால்தான் ஆட்டம் முடியும், இல்லையென்றால் நேரம் முடிகிறவரை புள்ளிக் கணக்கு. முதுகு தரையில் இருந்தாலும் எதிராளிக்கும் உங்கள் மகனுக்கும் நடுவில் அவனுடைய கால்கள் இருக்கிறவரை அவன் தோற்றவன் இல்லை. அந்த நிலைக்குத்தான் கார்ட், காவல் என்று பெயர்.

தாத்தாவுக்குக் கதையாகச் சொல்லுங்கள், கேட்பார். ஜப்பானின் கொடோகான் ஜூடோ பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா ஊர் ஊராக மல்யுத்தம் செய்துகொண்டே 1914-இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தார், பிறகு வடக்கே பெலெம் நகரத்தில் தங்கினார். அவரிடம் கற்ற இளைஞர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. அவருடைய தம்பி ஹீலியோ ஒல்லியான மனிதர். தன்னைவிடக் கனமானவர்களோடு மோதி மோதி, கீழே கிடந்தே பிழைக்கவும் ஜெயிக்கவும் வழி தேடினார்கள். ஹீலியோவின் மகன் ராய்ஸ், 80 கிலோ எடையோடு, 1993-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த, பல சண்டை முறைக்காரர்கள் மோதிக்கொண்ட முதல் யுஎஃப்சி போட்டியில் ஒரே இரவில் மூன்று பேரை வென்ற பிறகுதான் தரையில் படுத்திருப்பவரையும் உலகம் ஒரு போராளியாகப் பார்க்கத் தொடங்கியது. நீங்கள் இருக்கிற ஊருக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. மேலே நான் சொன்ன ஏடிசிசி போட்டி 1998-இல் அபுதாபியில்தான் தொடங்கியது. அங்கே பள்ளிகளில் 2008-இல் இருந்து ஜியு ஜிட்சு கற்றுத்தருகிறார்கள்.

ஆனால் மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படுப்பது தப்பில்லை, படுத்துவிட்டு என்ன செய்கிறான் என்பதைப் பாருங்கள். படுத்த சில நொடிகளில் ஸ்வீப்புக்கோ பூட்டுக்கோ முயல்கிறான் என்றால் அது திட்டம். படுத்துவிட்டுக் காத்திருக்கிறான் என்றால் நின்று எறிவதற்குப் பயப்படுகிறான் என்று பொருள், அதை இப்போதே சரிசெய்ய வேண்டும். இந்த வயதில் எறியவும் விழவும் நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். பதினொரு வயதில் எப்போதும் படுத்தே ஆடுகிற பிள்ளை பாதி விளையாட்டை இழந்துவிடுகிறது.

கேள்வி: முதல் போட்டி, இரண்டு முறை எதிராளியைக் கவிழ்த்தேன், நடுவர் ஒரு புள்ளிகூடத் தரவில்லை. முதலில் ஓபன் கார்டில் இருந்து விழவைத்தேன், அவர் உடனே எழுந்துவிட்டார். இரண்டாவது, அவர் சைட் கன்ட்ரோலில், அதாவது என் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து, என் மேல் படுத்திருந்தபோது புரட்டி மேலே வந்தேன். இது அநியாயம் இல்லையா?
வாசகர், சென்னை

பதில்: அநியாயம் இல்லை தம்பி, விதி. ஐபிஜேஜேஎஃப் என்கிற சர்வதேச ஜியு ஜிட்சு கூட்டமைப்பின் விதிகளில் ஸ்வீப்புக்கு 2 புள்ளி, ஆனால் மேலே வந்து 3 நொடி அந்த நிலையைத் தக்கவைக்க வேண்டும். உடனே எழுந்துவிட்டால் அதிகபட்சம் ஒரு அட்வான்டேஜ், அதாவது புள்ளி சமமானால் மட்டும் பார்க்கிற சின்னச் சாதகம், கிடைக்கலாம். இரண்டாவதுக்கும் காரணம் உண்டு: ஸ்வீப் என்பது கார்டிலோ, எதிராளியின் ஒரு காலை மட்டும் பூட்டியிருக்கிற ஹாஃப் கார்டிலோ தொடங்க வேண்டும். சைட் கன்ட்ரோலுக்கு அடியில் இருந்து புரட்டியது எவ்வளவு அழகாக இருந்தாலும் புள்ளிக் கணக்கில் வராது, ஆனால் மேல் நிலை உங்களுக்குக் கிடைத்ததே, அதுவே பெரிய லாபம்.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். கவிழ்த்த வேகத்தில் நேராக மவுண்டில், அதாவது இரண்டு பக்கமும் கால் போட்டு அவர் மேல், போய் உட்கார்ந்து 3 நொடி இருந்தால் ஸ்வீப்புக்கு 2, மவுண்டுக்கு 4, மொத்தம் 6. வெள்ளை பெல்ட் ஆட்டம் 5 நிமிடம்தான், அதில் 6 புள்ளி என்பது பல ஆட்டங்களை முடித்துவைத்துவிடும். பட்டர்ஃபிளையில் உருளும்போது மேலே வந்ததும் நிற்காமல் முழங்காலை அவர் வயிற்றுக்குக் குறுக்கே வழுக்கிக்கொண்டு போகப் பழகுங்கள்.

கேள்வி: கத்தரிக்கோல் ஸ்வீப்பைப் போட்டியில் தடை செய்துவிட்டதாக ஜிம்மில் ஒருவர் சொன்னார். நிஜமா?
வாசகர், சேலம்

பதில்: இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். தடை செய்யப்பட்டது கனி பசாமி, நிற்கிறவரின் மேல் பக்கவாட்டில் பாய்ந்து, முன்னால் ஒரு காலும் பின்னால் ஒரு காலுமாக வெட்டி விழவைப்பது. எதிராளியின் முழங்கால் மேல் நம் எடை முழுவதும் விழுந்து தசைநார் கிழியும் ஆபத்து இருப்பதால் தடை. முழங்காலிட்டு இருக்கிறவரைக் கீழே படுத்திருந்து, முழங்காலை அவர் வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, மறு காலால் அவருடைய முட்டியை வாரிக் கவிழ்க்கிற சிசர் ஸ்வீப்புக்குத் தடை ஏதும் இல்லை. முதல் மாதத்திலேயே கற்றுத்தருகிற ஸ்வீப் அது, தைரியமாகச் செய்யுங்கள்.

கேள்வி: வயது 44. ஸ்பைடர் கார்ட் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, எதிராளியின் இரண்டு சட்டைக் கைகளையும் பிடித்துக்கொண்டு முழங்கையின் உள்பக்கத்தில் பாதத்தை வைத்து நிறுத்துவது. ஆனால் மறுநாள் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, டம்ளரைப் பிடிப்பதே கஷ்டமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?
வாசகர், ஈரோடு

பதில்: ஸ்பைடரைக் குறைத்துக்கொள்ளுங்கள் சார், விளையாட்டை விட வேண்டாம். ஸ்பைடரில் எதிராளி தன் முழு உடம்பால் கையை உதறுகிறார், அதை நம் விரல் மூட்டுகள் தாங்குகின்றன. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்ப வருடங்களில் ஒரு பிடியை விட்டுவிட்டால் தோல்வி என்று நினைத்து, உதற உதற விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வலது கை மோதிர விரலின் நடு மூட்டு இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை. பிடி போகப்போகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட வேண்டும், உடனே வேறு இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். விரலை டேப் போட்டுச் சுற்றுவது உதவும், ஆனால் வலியை மறைத்துக்கொண்டு இன்னும் பிடிக்க அது ஒரு சாக்காக ஆகிவிடக்கூடாது. சட்டைக் கைக்கு உள்ளே விரலை நுழைத்துப் பிடிக்கிறீர்களா என்றும் பாருங்கள், போட்டி விதிப்படி அது கூடாது, விரலை முறிக்கிற பிடியும் அதுதான்.

விரலை நம்பாத ஓபன் கார்டுகள் இருக்கின்றன. குதிகாலைக் கிண்ணம் மாதிரி பிடிக்கிற ட்ரைபாட், அக்குளுக்குள் கையை விடுகிற பட்டர்ஃபிளை, இவற்றில் வேலை முழங்கைக்கும் தோளுக்கும்தான். டெ லா ஹீவாவையும் பார்க்கலாம். 1980-களில் ரியோவில் கார்ல்சன் கிரேசியிடம் பயின்ற ரிக்கார்டோ டெ லா ஹீவா எடை குறைந்தவர். எதிராளியின் முன்காலை வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொக்கி போடுகிற அந்த முறைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. அதில் ஒரு கை குதிகாலில் இருக்கும், கொக்கிதான் பாரம் தாங்கும். ஆனால் முழங்காலில் ஏற்கனவே வலி இருந்தால் அதற்குப் போகாதீர்கள், எதிராளி சட்டென்று சுழன்றால் கொக்கி போட்ட கால் முறுக்கிக்கொள்ளும். வீக்கம் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தெருவில் ஒருவன் தாக்கினால் ஓபன் கார்டில் படுத்து ஸ்வீப் செய்யலாமா?
வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்களாகப் படுக்கவே கூடாது. தரை சிமெண்ட், அவன் ஷூ போட்டிருப்பான், கூட இன்னொருவன் இருக்கலாம். ஆனால் விழுந்துவிட்டால் அப்போது ஓபன் கார்ட் உங்கள் உயிர்: பாதங்களை அவனை நோக்கி வைத்து, தூரத்தை உண்டாக்கி, ஒரு கையைப் பின்னால் ஊன்றி இடுப்பைத் தூக்கிக் காலை அடியில் இழுத்து எழுந்து ஓடுங்கள். வகுப்பில் சலிப்பாக இருக்கிறது என்று எல்லோரும் தட்டிக்கழிக்கிற அந்த எழும் பயிற்சியை தினமும் பத்து முறை செய்யுங்கள்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள்தான் போக முடிகிறது. ஸ்வீப் மட்டும் முன்னேற எப்படிப் பழகுவது? தினம் ஒரு புது டெக்னிக் சொல்லித்தருகிறார்கள், எதுவும் மனதில் நிற்கவில்லை.
வாசகி, பெங்களூரு

பதில்: மூன்று நாள் தாராளம். மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுங்கள், மேலே சொன்ன ட்ரைபாடும் சிக்கிளும் இருக்கட்டும். வகுப்பில் சொல்லித்தருகிற மற்றதைச் செய்யுங்கள், மரியாதையோடு கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஸ்பாரிங்கில் வேறு எதற்கும் ஆசைப்படாதீர்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு கூட்டாளியை நிறுத்தி 3 நிமிடம் கேளுங்கள். நீங்கள் கீழே, அவர் நிற்கிறார். அவர் உங்கள் கார்டை, அதாவது கால்களைத் தாண்டி வர வேண்டும், நீங்கள் கவிழ்க்க வேண்டும், எது நடந்தாலும் திரும்ப அதே இடத்தில் தொடங்க வேண்டும். முதல் வாரம் பாதி பலத்தோடு மட்டும் எதிர்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை முறை விழுந்தார் என்று எண்ணாதீர்கள், அது ஆரம்பத்தில் பூஜ்யமாகத்தான் இருக்கும், மனசு விட்டுப்போகும். ஒரு கையில் குதிகால், ஒரு கையில் சட்டைக் கை, இடுப்பில் ஒரு பாதம், கணுக்காலில் ஒரு பாதம் என்று இந்த நாலும் ஒரே நேரத்தில் எத்தனை முறை கிடைத்தன என்று எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று கிடைக்கலாம், பத்தாவது நாள் ஐந்து கிடைக்கும். வீட்டுக்குப் போனதும் நோட்டில் அந்த எண்ணையும், நாலில் எது கடைசியாகக் கிடைத்தது என்பதையும் எழுதிவையுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் குதிகால்தான் கடைசியில் வரும், ஏனென்றால் கை எட்டாது. கை எட்டாததற்குக் காரணம் முதுகு முழுக்கத் தரையில் ஒட்டியிருப்பதுதான். குதிகாலைப் பிடிக்கிற கையின் பக்கத்து இடுப்பின் மேல் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள், கை அரை அடி நீளமாகிவிடும்.